எல்லா வயரும் கறுப்பு

ஒரு கார் அலாரம் பெட்டி. உள்ளங்கை அளவுதான். அதன் வாயிலிருந்து பதினெட்டு வயர் வெளியே வருகிறது. பதினெட்டும் கறுப்பு. ஒன்றில்கூட ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, டார்ச்சை ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஓர் எண் தெரியும். அதுவும் இருபத்தைந்து வருடச் சூட்டிலும் தூசியிலும் பாதி அழிந்திருக்கும். 6-ஆ, 8-ஆ, 9-ஆ? உங்கள் அதிர்ஷ்டம்.

இதை வேண்டுமென்றேதான் செய்தார்கள். திருடன் டாஷ்போர்டுக்குக் கீழே கை விட்டால் எந்த வயர் எதற்கென்று தெரியாமல் முழிக்க வேண்டுமாம். சரி, நல்ல எண்ணம்தான். ஆனால் உட்கார்ந்து வயர் எண்ணுகிற திருடனை யாராவது பார்த்திருக்கிறீர்களா? முழித்தது யார்? தலை பெடல்களுக்கு நடுவே, கால் சீட்டுக்கு மேலே, வாயில் டார்ச் என்று மூன்று சனிக்கிழமைகளைத் தொலைத்த நான்.

கார் எதுவென்று சொல்லிவிடுகிறேன். 1990 யூனோஸ் ரோட்ஸ்டர். மஸ்தா எம்எக்ஸ்-5-தான் அது. ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள். 1.6 லிட்டர் எஞ்சின், இரண்டே சீட், சுவிட்சைத் தட்டினால் தவளை விழித்த மாதிரி எழும்பும் விளக்குகள், துணிக் கூரை. ஜப்பானிலும் ஸ்டீயரிங் வலப்பக்கம்தான் என்பதால் பழைய யூனோஸ்கள் ஏராளமாக இங்கிலாந்துக்கு இறக்குமதியாயின. என்னுடையதும் அப்படி வந்தது. இப்போது லண்டன் ஹாரோவில் என் வீட்டு முன்வாசலில் நிற்கிறது. ஓட்டும்போது எனக்குப் பத்து வயது குறைகிறது. அதன் அலாரத்தைத் தொட்டதில் இருபது வயது கூடிவிட்டது.

இங்கே 1998 அக்டோபருக்குப் பிறகு விற்கப்படும் புதிய கார்களில்தான் இம்மொபிலைசர், அதாவது திருடன் எஞ்சினைக் கிளப்ப முடியாமல் தடுக்கும் மின்கருவி, கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு, அதுவும் கூரையே துணியாக உள்ள ஸ்போர்ட்ஸ் காருக்கு, இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: தாட்சம் (இன்சூரன்ஸ்காரர்களுக்காக இவற்றைச் சோதிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற அலாரம் இருக்கிறதா? ஆகவே இறக்குமதி செய்தவர் எங்கோ ஓர் ஆளிடம் காரை விட்டு, ஒன்றைப் பொருத்தி, சான்றிதழோடு விற்றிருக்கிறார். அந்தப் பொருத்தின ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே அவருக்கு நல்லது.

போன மாதம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். எஞ்சின் பொட்டென்று அணைந்தது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவில்லை. பின்னால் ஒரே ஹாரன். தள்ளி ஓரம்கட்டினேன். ஆயிரம் கிலோகூட இல்லாத வண்டி என்பதுதான் அன்றைக்கு ஒரே ஆறுதல். பானெட்டைத் திறந்து, எஞ்சின் அறையில் உள்ள டயக்னாசிஸ் பெட்டியில் எஃப்/பி (பெட்ரோல் பம்ப்), ஜிஎன்டி (எர்த்) என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தேன். பின்னால் பெட்ரோல் பம்ப் உறுமியது. அப்படியானால் பெட்ரோல் போகிறது. ஸ்பார்க் இல்லை. யார் வழிமறித்திருப்பார்கள்? வேறு யார், என்னைக் காப்பாற்ற அந்த அலாரத்தோடு சேர்ந்து வந்த இம்மொபிலைசர்தான். இந்த வகை அலாரம் குறைந்தது இரண்டு சர்க்யூட்டையாவது வெட்ட வேண்டும் என்பது விதி. அப்படி வெட்டின இரண்டில் ஒன்று தானாகவே வெட்டுப்பட்டுவிட்டது.

வீட்டுக்கு இழுத்து வந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றினேன். உள்ளே பார்த்ததும் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். மஸ்தாவின் சொந்த வயர்க்கற்றை முப்பது வருடத்துக்குப் பிறகும் பின்னின ஜடைபோல அழகாகக் கிடக்கிறது. அதன்மேல் இந்த மனிதர் நடத்தியிருந்தது அறுவை சிகிச்சை இல்லை, கசாப்பு. இக்னிஷன் வயரை நடுவில் வெட்டி, இரண்டு முனையையும் கையால் முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறார். சாலிடர் கிடையாது, நெரித்துப் பிடிக்கும் ஒழுங்கான கிரிம்ப் கிடையாது. டேப்பின் பசை உருகி வெல்லப்பாகாக ஒழுகியிருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் அந்த நீலக் கடி கிளிப்புகள். வயரை உரிக்கக்கூட வேண்டாம், மேலே வைத்து ப்ளையரால் அழுத்தினால் போதும், உள்ளே இருக்கும் தகடு தோலைக் கிழித்துக்கொண்டு செம்பைக் கடித்துக்கொள்ளும். செம்பு இழைகளில் நாலைந்தையும் சேர்த்து அறுத்துவிடும் என்பதையும், கிழித்த வழியில் ஈரம் புகுந்து பச்சை பூக்கும் என்பதையும் யார் கவலைப்படுகிறார்கள்? இங்கிலாந்தில், துணிக் கூரை காரில், ஈரத்துக்கா பஞ்சம்?

அப்புறம் சைரன். அதற்குள்ளேயே தனி பேட்டரி உண்டு; திருடன் காரின் பேட்டரியைக் கழற்றினாலும் கத்த வேண்டுமல்லவா? அதை அடக்க ஒரு குட்டிச் சாவி கொடுப்பார்கள். அந்தச் சாவி எனக்கு முந்தைய எத்தனையாவது சொந்தக்காரரின் சமையலறை டிராயரில் கிடக்கிறதோ. ஞாயிறு காலை எட்டு மணி. டிக்கியைத் திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றினேன் (இந்தக் காரில் பேட்டரி இருப்பது பின்னால்). தெருவே எழுந்துவிட்டது. சைரனைக் கழற்றிக் கம்பளியில் சுற்றினேன், கத்தியது. மேலே மெத்தையைப் போட்டேன், கத்தியது. கடைசியில் வாளித் தண்ணீரில் முக்கிப் பிடித்தேன். குமிழி விட்டுக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் கத்திவிட்டுத்தான் அடங்கியது. எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தபடி நின்றார். ஒரு கொலையைப் பார்த்த சாட்சியின் முகம்.

பிறகு அதைத் திறந்து பார்த்தேன். உள்பேட்டரி கசிந்து சர்க்யூட் போர்டை அரித்திருந்தது. காரணமே இல்லாமல் இரவு மூன்று மணிக்கு அலறியதெல்லாம் இதனாலும்தான். இன்னொரு காரணம் உள்ளே பொருத்தியிருந்த அல்ட்ராசோனிக் சென்சார். காருக்குள் காற்று அசைந்தாலே கண்டுபிடித்துவிடும் கருவி அது. இரும்புக் கூரை உள்ள காருக்குச் சரி. காற்றடித்தால் படபடக்கும் துணிக் கூரைக்குக் கீழே அதை வைத்தவரை என்ன சொல்வது? திறந்த கூரை கார்களுக்கென்றே மைக்ரோவேவ் சென்சார் இருக்கிறது. கையில் இருந்ததைப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார். வைப்பரில் சொருகி வைத்த மூன்று கண்டனக் கடிதங்களை வாங்கினது நான்.

சரி, பழையதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நானே புதிதாக ஒன்று பொருத்தலாம் என்று முடிவு செய்தேன். இங்கேயும் ஒரு வேடிக்கை. மஸ்தாவின் வயரிங் வரைபடத்தில் நிறத்துக்கு எழுத்துதான் குறி. பி என்றால் கறுப்பு. அப்போது நீலம்? எல். பி/ஆர் என்றால் கறுப்பில் சிவப்புக் கோடு. நடுவில் அந்தச் சாய்கோடு இல்லாமல் பிஆர் என்றால் பழுப்பு. ஒரு சாய்கோட்டைக் கவனிக்காததில் அரை நாள் போயிற்று. அதற்காக மஸ்தா மேல் கோபமில்லை, கண் என்னுடையது. வரைபடம் சொன்ன நிறம் சொன்ன இடத்தில் இருந்தது. அந்த ஒழுக்கம் போதும் எனக்கு.

புதிய அலாரத்தோடு வந்த தாளில் அதுகூட இல்லை. "விளக்குக்கு இணைக்கவும்" என்று ஒரு வரி. எந்த விளக்குக்கு? இண்டிகேட்டருக்கு என்று நானே ஊகித்து, அலாரத்திலிருந்து வந்த ஒற்றை வயரை இடது, வலது இரண்டிலும் சேர்த்தேன். மறுநாள் வலப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டால் நான்கு மூலையும் மின்னுகிறது. இரண்டு பக்கத்தையும் நானே ஒட்டிவைத்துவிட்டேன். பக்கத்துக்கு ஒரு டயோடு வைத்தால் மின்சாரம் ஒரு வழியாகத்தான் போகும், கதை முடிந்தது. இரண்டு டயோடு, சில்லறைக் காசு. அதை அந்தத் தாளில் எழுத என்ன கேடு? கதவு சுவிட்சும் அப்படித்தான். இந்தக் காரில் கதவைத் திறந்தால் சுவிட்ச் வயர் எர்த் ஆகும், அதாவது பேட்டரியின் நெகட்டிவோடு சேரும்; ஆகவே அலாரத்தைத் தூண்டுவது நெகட்டிவ் டிரிகர். தாளில் இருந்த படமோ பாசிட்டிவுக்கு. அதோடு சென்ட்ரல் லாக்கிங்குக்கு ஆறு வயர், ஜன்னல் தானாக மூட இரண்டு. என் காரில் கதவைப் பூட்டுவது சாவி, ஜன்னலை ஏற்றுவது கை.

ஆனாலும் முடித்தேன். ஒவ்வொரு இணைப்பையும் சாலிடர் வைத்து, சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, துணி டேப் சுற்றி. பழைய அலாரம் பூட்டின நிலையில் 90 மில்லிஆம்பியர் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு ஆம்பியர்-மணிக்கு மேல். இந்தக் காரின் சின்ன பேட்டரிக்கு ஒரு வாரம் சும்மா நின்றாலே பாதி காலி. புதியதில் 18. மீட்டரில் அந்த எண்ணைப் பார்த்தபோது யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. மனைவி பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். எது என்று கேட்கவில்லை.

இந்தக் கார் வைத்திருக்கும் பழம்பெருச்சாளிகள் சொல்வது என்ன தெரியுமா? உள்ளே ஒன்றும் வைக்காதே, கதவைப் பூட்டாதே. திறந்து பார்த்துவிட்டுப் போகட்டும், இல்லையென்றால் கூரையைக் கிழிப்பான், கூரை மாற்றத்தான் பெரும் செலவு. பூட்டாத கதவுக்குக் காவலாக நான் இத்தனை வயர் இழுத்திருக்கிறேன்.

நேற்று இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு போன் செய்தேன். பழைய அலாரத்தை எடுத்துவிட்டேன், புதியது போட்டாயிற்று, அதே தரம், பெட்டியில் முத்திரைகூட இருக்கிறது என்றேன். மிகவும் கனிவான குரல். "மிக்க மகிழ்ச்சி. பொருத்தியவரின் சான்றிதழை அனுப்புங்கள்" என்றார். நானே பொருத்தினேன் என்றேன். அப்படியானால் அலாரம் இல்லாத கார் என்றுதான் பதிவு செய்ய முடியும், அங்கீகாரம் பெற்ற ஓர் ஆளை வைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள் என்றார். பழைய சான்றிதழ் கோப்பில் இருக்கிறதாம். அதில் எந்தக் குறையும் இல்லையாம்.