ஸ்காட்லாந்துக்காரர்களைக் கஞ்சர் என்று சொல்லாதீர்கள்

ஸ்காட்லாந்துக்காரன் கஞ்சன் என்று யாராவது ஜோக் சொன்னால் இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கோபம்தான் வருகிறது. எவரோ எப்போதோ கட்டிவிட்ட கதையை நாமும் வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த மக்களோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஸ்கை தீவில் நானும் என் வீட்டுக்காரரும் தொப்பலாக நனைந்தபடி, தங்கவேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். குடியிருக்கிற வீட்டிலேயே ஓர் அறையை வாடகைக்கு விட்டு, காலைச் சாப்பாடும் போடுகிற பி அண்ட் பி அது. அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பேர் ஊர் கேட்பதற்கு முன்பே எங்கள் ஷூவைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டார். பழைய செய்தித்தாளைக் கசக்கி, விரல் முனை வரைக்கும் போகும்படி உள்ளே திணித்து, பாய்லர் பக்கத்தில் சாய்த்து வைத்தார். காலையில் பார்த்தால் உள்ளே இருந்தது வேறு தாள். ராத்திரி எழுந்து வந்து, ஈரம் இழுத்த தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாளைத் திணித்திருக்கிறார். "எதுக்கும்மா உங்களுக்கு இவ்வளவு சிரமம்?" என்றேன். "ஈர ஷூவோட மலை ஏறினா காலு கொப்பளிச்சிடும். நீ முதல்ல சாப்பிடு" என்று தட்டை நகர்த்தினார். நாங்கள் சைவம் என்று தெரிந்து, ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்கிற அந்த ஊர்ப் பண்டமான ஹேகிஸுக்குப் பதிலாக, ஓட்ஸும் பருப்பும் காய்கறியும் சேர்த்துச் செய்த சைவ ஹேகிஸை வாங்கி வைத்திருந்தார்.

காசு வாங்கிக்கொண்டு செய்ததுதானே என்று கேட்பீர்கள். சரி, காசே வாங்காத இடத்தைச் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தின் வடக்கில் இருக்கிற ஹைலேண்ட்ஸ் மலைகளில் போத்தி என்று சிறிய கல்வீடுகள் இருக்கின்றன. பல வீடுகள் ஒரு காலத்தில் ஆடு மேய்த்தவர்களும் பண்ணை வேலை பார்த்தவர்களும் குடியிருந்தவை. இன்றைக்கு அவற்றில் யார் வேண்டுமானாலும் போய்ப் படுக்கலாம். பூட்டு கிடையாது, புக்கிங் கிடையாது, கட்டணம் கிடையாது. மவுன்டன் போத்தீஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு 1965-இல் தொடங்கி, இன்று ஏறத்தாழ நூறு வீடுகளைப் பராமரிக்கிறது. கூரை ஒழுகினால் ஏறிச் சரிசெய்வதும் ஜன்னல் மாட்டுவதும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் வேறு யாரோ. அவரும் சம்மதித்துத்தான் விட்டிருக்கிறார். கரண்ட் இல்லை, குழாய் இல்லை. ஒரு மரப்பலகை மேடை, பல இடங்களில் ஓர் அடுப்பு, வந்தவர்கள் எழுதிவைத்துவிட்டுப் போகிற ஒரு நோட்டு, அவ்வளவுதான். ஆனால் கிளம்புகிறவர்கள் அடுத்து வரப்போகிறவருக்காகக் காய்ந்த சுள்ளியைப் பொறுக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும் என்பது அங்கே எழுதப்படாத கட்டளை. முகமே பார்க்காத ஒருவருக்கு இந்த உபசாரம்!

இதை அவர்கள் சட்டத்திலும் எழுதிவைத்திருக்கிறார்கள். 2003-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கொண்டுவந்த நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொள்கிற எவரும் பெரும்பாலான நிலங்களில், அது தனியாருடையதாக இருந்தாலும், நடக்கலாம், கூடாரம் போடலாம். வீட்டுத் தோட்டம், பயிர் நிற்கிற வயல் மாதிரி சில இடங்கள்தான் விலக்கு. பக்கத்திலிருக்கும் இங்கிலாந்தில்கூட இந்த அளவுக்கு உரிமை கிடையாது. நீங்கள் அந்த நாட்டுக் குடிமகனா, நேற்று விமானத்தில் வந்திறங்கியவரா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறவர்கள் ஹைலேண்ட்ஸில் இருக்கிற கிளென்கோ பள்ளத்தாக்கின் கதையைத் தெரிந்துகொள்ளவேண்டும். 1692-இல் அரசாங்கப் படையின் கேப்டன் ராபர்ட் கேம்பலின் தலைமையில் சுமார் 120 சிப்பாய்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த மெக்டொனால்ட் குலத்தாரின் வீடுகளில் தங்கினார்கள். நடுக்குளிர்காலம். இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, அந்த வீட்டு உணவைச் சாப்பிட்டு, அந்த வீட்டு நெருப்பில் குளிர் காய்ந்தார்கள். பிப்ரவரி 13 விடியற்காலையில், மேலிடத்து உத்தரவுப்படி, சோறு போட்டவர்களையே கொன்றார்கள். கொல்லப்பட்டவர்கள் சுமார் 38 பேர். பனியில் தப்பி ஓடிச் செத்தவர்கள் தனி. ஹைலேண்ட்ஸின் குலச் சண்டைகளில் ரத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் முந்நூறு வருஷம் தாண்டியும் ஆறாமல் நிற்பது இந்தக் கொலைதான். காரணம் எண்ணிக்கை அல்ல, உண்ட வீட்டுக்கு ரெண்டகம். நம்பித் தங்கவைத்தவரையோ நம்பித் தங்கியவரையோ கொல்வதைச் சாதாரணக் கொலையைவிடப் பெரிய குற்றமாக அவர்கள் சட்டமே பிரித்து வைத்திருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிப் படை திரட்டி, 1746-இல் கல்லோடன் போரில் தோற்ற இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் தலைக்கு 30,000 பவுண்டு விலை வைத்தது அரசாங்கம். அன்றைக்கு அது கற்பனைக்கு எட்டாத தொகை. ஐந்து மாதம் அவர் மலையிலும் தீவிலும் ஒளிந்து திரிந்தார். அடுத்த வேளைக்கு வழியில்லாத குடியானவர்கள் பலருக்கு அவர் இருக்குமிடம் தெரியும். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் அரசியல் எனக்குப் பிடிக்கிறதா என்பது வேறு விஷயம். அந்தக் குடியானவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பழங்கதை என்று ஒதுக்குகிறவர்களுக்கு 2021 மே 13. கிளாஸ்கோவின் பொல்லக்‌ஷீல்ட்ஸ் பகுதி, கென்மியூர் தெரு. ஈத் பெருநாள். குடிவரவு அதிகாரிகள் இந்தியர்கள் இருவரைப் பிடித்து வேனில் ஏற்றினார்கள். ஒருவர் போய் வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தார் இறங்கி வந்து வேனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சில பேர் பல நூறு பேர் ஆனார்கள். "இவர்கள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், விடுங்கள்" என்பதுதான் கோஷம். சுமார் எட்டு மணி நேரம் வேன் நகரவே இல்லை. கடைசியில் இருவரையும் விட்டுவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் நிறவெறியே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே வாழும் நம் ஆட்களைக் கேட்டால் கசப்பான அனுபவங்களும் வரும். ஆனால் அந்த எட்டு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

இந்த நல்ல மனசைச் சுற்றுலா வருகிற நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். குப்பையும் தீ மூட்டிய கரித் தழும்பும் பொறுக்கமுடியாமல் போய், லோமண்ட் ஏரிக்கரையின் பல இடங்களில் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரம் போட இப்போது பெர்மிட் வாங்கவேண்டும். கெடுத்தது விருந்தாளிகள். ஹைலேண்ட்ஸின் ஒற்றைத்தடச் சாலைகளில், எதிரே வருகிற வண்டிக்காக ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். அதில் காரை நிறுத்திவிட்டு செல்ஃபி எடுக்கிறார்கள். பின்னால் டாக்டர் வண்டி வரலாம், தபால் வண்டி வரலாம். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். எவராவது ஒதுங்கி வழிவிட்டால் கையைத் தூக்கி ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

எடின்பரோவில் தங்குகிறவர்களிடம் 2026 ஜூலையிலிருந்து அறைக் கட்டணத்தில் 5 சதவீதம் வரி என்று அறிவித்ததும், "பார்த்தியா, கஞ்சப் புத்தி" என்று ஒரு நண்பர் எனக்கு அனுப்பினார். நம் கூட்டத்தால் தேய்கிற தெருவையும் பூங்காவையும் சரிசெய்யக் கேட்கிற பணம் அது. நான் மனசாரக் கொடுப்பேன் என்று அவருக்குப் பதில் போட்டேன்.