ஆபிரகாம் வர்கீஸ்: படுக்கையருகே நின்று கற்பிக்கும் மருத்துவர்

பெங்களூருவில் மருத்துவ மாணவர்களுக்குப் பொது மருத்துவம் கற்பிக்கும் தமிழன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆபிரகாம் வர்கீஸை நாவலாசிரியராக அறிந்தவர்கள் இந்நகரில் ஏராளம். கேரளத்தைக் களமாகக் கொண்ட அவருடைய நாவல் 2023இல் வெளிவந்த பிறகு அவர்கள் இன்னும் பெருகியிருக்கிறார்கள். ஆனால் மருத்துவ ஆசிரியராக அவர் செய்துவரும் பணிதான் இன்று நமக்கு அதிகம் தேவைப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து.

கேரளத்திலிருந்து எத்தியோப்பியாவுக்கு ஆசிரியப் பணிக்குச் சென்ற பெற்றோருக்கு 1955இல் அடிஸ் அபாபாவில் பிறந்தவர் அவர். அங்கேயே தொடங்கிய மருத்துவப் படிப்பு, 1974இல் பேரரசர் ஹைலே செலாசி ஆட்சியிலிருந்து இறக்கப்பட்டதைத் தொடர்ந்த குழப்பத்தில் நின்றுபோக, அமெரிக்காவில் மருத்துவமனை உதவியாளராக வேலை பார்த்தார். மருத்துவர் வந்து போன பிறகு, நாளின் மற்ற நேரமெல்லாம் நோயாளி என்ன பாடுபடுகிறார் என்பதை அந்த வேலையில்தான் கண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து 1979இல் பட்டம் பெற்றார். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, விரலால் தட்டி, பிறகே ஸ்டெதாஸ்கோப்பை எடுக்க வேண்டும் என்ற ஒழுங்கு அக்கல்லூரி வார்டுகளில் ஊறிப்போனது. அந்தப் பயிற்சிக்குத் தாம் பட்டிருக்கும் கடனை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

1985இல் டென்னசி மாநிலத்தின் ஜான்சன் சிட்டிக்குத் தொற்றுநோய் மருத்துவராக அவர் சென்றார். சுமார் 50,000 பேர் வாழ்ந்த அந்த மலைப்பகுதி ஊரில் எய்ட்ஸ் நோயாளிகள் ஓரிருவருக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். எங்கே பிறந்தீர்கள், எப்போது ஊரை விட்டுப் போனீர்கள், எங்கெல்லாம் வாழ்ந்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டு வரைபடத்தில் குறித்தபோது விடை கிடைத்தது: சொந்த ஊரில் தம் தன்பாலீர்ப்பு இயல்பை மறைத்தே வாழவேண்டியிருந்ததால் பெருநகரங்களுக்குப் போன இளைஞர்கள், அங்கே தொற்று ஏற்பட்டு, கடைசிக் காலத்தில் பெற்றோரிடம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். 1989இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அந்நிய நாட்டுக்காரரான ஒரு மருத்துவர், தம்மிடம் வந்தவர்களின் கதையை முழுமையாகக் கேட்டதால் கிடைத்த அறிவியல் முடிவு அது. அந்தக் குடும்பங்களின் துயரத்தைச் சொல்ல ஆய்வுக் கட்டுரையின் மொழி போதவில்லை என்று உணர்ந்து, வேலையை விட்டுவிட்டு அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை பயின்று 1991இல் பட்டம் பெற்றார். அதன் விளைவாக 1994இல் அவருடைய முதல் நூல் வந்தது.

2007 முதல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் வலியுறுத்திவருவது எளிமையானது. படுக்கையில் கிடப்பவரை விட்டுவிட்டு, கணினித் திரையில் உள்ள அவருடைய பிம்பத்துக்கு மருத்துவம் பார்க்கிறோம் என்று 2008இல் எழுதினார். ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் கைகளால் செய்து பழக வேண்டிய 25 பரிசோதனை முறைகளை வகுத்து, அவற்றைப் படுக்கையருகிலேயே கற்பிக்கும் திட்டத்தை ஏற்படுத்தினார். இதைச் சிலர் பழமை மோகம் என்றும் இரக்க உணர்ச்சி என்றும் ஒதுக்குகிறார்கள். அது மிகத் தவறான புரிதல். உடல் பரிசோதனையில் நேர்ந்த குறைகளால் விளைந்த 208 மருத்துவத் தவறுகளை அவரும் சக ஆய்வாளர்களும் 2015இல் தொகுத்து ஆராய்ந்தபோது, அவற்றுள் 63 சதவீதத்தில் காரணம் பரிசோதனையே செய்யப்படாததுதான் என்று கண்டார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற வகைத் தவறுகள் அவை. ஸ்கேனையும் இரத்தப் பரிசோதனையையும் அவர் மறுப்பதில்லை; எந்தப் பரிசோதனை தேவை என்பதையே கையும் காதும்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறார்.

பெங்களூரு வார்டுகளில் இதற்கு இன்னொரு தடையும் உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் தமிழும் தெலுங்கும், கோலாரிலிருந்து வருபவர்கள் கன்னடமும், சிவாஜிநகர்ப் பகுதியினர் பலர் உருதுவும் பேசுகிறார்கள். மாணவர்களோ நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் வந்தவர்கள். மூச்சுத்திணறல் படியேறும்போது மட்டும் வருகிறதா, படுத்தால் வருகிறதா, நடு இரவில் எழுந்து உட்கார்ந்தால் தணிகிறதா என்ற கேள்விகளிலேயே இதயச் செயலிழப்பைப் பெருமளவு ஊகித்துவிடலாம். மொழி தெரியாத மாணவர், கூட வந்த மகன் சொல்லும் ஒற்றை வரியைக் குறித்துக்கொண்டு நேராக எக்கோ எனும் இதய ஸ்கேனுக்கு எழுதிவிடுகிறார். அதற்கான பணத்துக்கு அந்தக் குடும்பம் யாரிடம் கைநீட்டும் என்பதைக் கேட்கவும் அவருக்கு மொழியில்லை.

எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் நோயாளியைப் பரிசோதித்துப் பதில் சொல்லும் ‘லாங் கேஸ்’ முறை நம்மிடம் இன்னும் இருப்பது பெரும் பேறு. ஆனால் மேற்படிப்புக்கான நீட் தேர்வின் 200 கொள்குறி வினாக்கள்தான் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன என்பதால், ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது இறுதித் தேர்வுக்குப் பிறகு ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியில் இருப்பவர்கள், பலர் வார்டில் கற்க வேண்டிய அந்த ஓராண்டைப் பயிற்சிச் செயலிகளில் கழிக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓர் இடத்துக்கு அத்தனை பேர் போட்டியிடும் ஏற்பாட்டை அவர்களா செய்தார்கள்? ஹவுஸ் சர்ஜன் காலத்தில் படுக்கையருகே செய்யப்படும் மதிப்பீட்டுக்கு மேற்படிப்புச் சேர்க்கையில் உரிய மதிப்பெண் தரப்பட வேண்டும். முதலாமாண்டின் அறிமுகப் பயிற்சியில் இடம்பெறும் உள்ளூர் மொழிப் பாடத்தை இறுதியாண்டுவரை வார்டிலேயே தொடர வேண்டும். பேராசிரியர்களாகிய நாமும் காலை ரவுண்ட்ஸைக் கணினி அறையில் உட்கார்ந்து நடத்தாமல், நோயாளியின் அருகில் நின்று நடத்த வேண்டும். இந்தக் கடைசி மாற்றத்துக்கு எந்த அரசாணையும் தேவையில்லை, நாளைக் காலையிலேயே தொடங்கிவிடலாம்.