தார்க்கலவையைக் குவிச்சு வெச்சா அது வேகத்தடையா?

வேலூர் சத்துவாச்சாரியில ஒரு தெருமுனையில ராத்திரியோட ராத்திரியா புதுசா ஒண்ணு முளைச்சிருக்கு. ஒரு முழம் அகலம், அரை அடி உயரம், ரெண்டு பக்கமும் செங்குத்து. வெள்ளைக்கோடு இல்ல, போர்டு இல்ல, தெருவிளக்கும் எரியல. இன்னா கணக்குல போட்டாங்க இதை?

ஒரு ஸ்கூட்டர் அதுல ஏறுறதைப் பாருங்க. முன்சக்கரம் முட்டுது, ஹேண்டில் உதறுது. முன்சக்கரம் அந்தப் பக்கம் இறங்குறப்போ பின்சக்கரம் இன்னும் இந்தப் பக்கம். சென்டர் ஸ்டாண்டு மேட்டுல கிரீச்னு தேய்க்குது. காலை ஊணித் தள்ளினா பின்சக்கரம் ஏறித் தொப்புனு விழுது. ஒருசாய்ச்சு உக்காந்திருக்கிற அம்மாவுக்கு இடுப்பே கழண்டுடும். மாசமா இருக்கிறவங்க ஆட்டோவுல வந்தா?

அளவு தெரியாம ஒண்ணும் இல்ல. ரோடு போடுறதுக்கு விதிமுறை எழுதுற இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988லயே எழுதி வெச்சிருக்கு: வண்டி போற திசையில 3.7 மீட்டர் அகலம், நடுவுல 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரத்துல வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்துல அலுங்காம தாண்டலாம். எச்சரிக்கைப் பலகை 40 மீட்டர் முன்னாடியே நிக்கணும்.

இந்த மாதிரி அகலம் கம்மியான மேடு வேகத்தையும் குறைக்காது. மெதுவா போறவனுக்குத்தான் ஒவ்வொரு சக்கரமும் முழுசா ஏறி இறங்கும். பறக்கிறவனுக்கு டயரும் ஸ்பிரிங்கும் அடியை வாங்கிக்கும், உடம்புக்குப் பெருசா தெரியாது. ஒழுங்கா ஓட்டுறவனுக்குத் தண்டனை, பறக்கிறவனுக்கு விடுதலை! 3.7 மீட்டர் மேட்டுல வேகமா போனா வண்டியே மொத்தமா தூக்கிப்போடும். அதான் பிரேக்குல கால் போகும்.

போடுறதும் பெரிய வித்தையில்ல. ஒரு பிளைவுட் பலகையில வளைவை வெட்டிக்கணும்: நடுவுல 100 மில்லிமீட்டர், அரை மீட்டர் தள்ளி 93, ஒரு மீட்டர்ல 71, ஒன்றரை மீட்டர்ல 34, ஓரத்துல பூஜ்யம். பழைய ரோட்டைக் கூட்டி, ரெண்டு ஓரத்தையும் கொத்தி, தார் தெளிச்சு, ரெண்டு அடுக்கா கலவை போட்டு ரோலர் ஓட்டணும். ஒவ்வொரு அடுக்குக்கும் பலகையை வெச்சுப் பார்க்கணும். ஓரத்தைக் கொத்தாம விட்டா அங்க படி மாதிரி நிக்கும், மழை வந்தா பேந்து ஜல்லி சிதறும். சாக்கடைப் பக்கம் தண்ணி போக இடைவெளி வேணும், அதுல பைக் நுழையாத அளவுக்கு. கடைசியா கருப்பு வெள்ளைப் பட்டை.

அந்தப் பட்டைக்கு ஒரு டப்பா பெயிண்டு கூடவா கிடைக்கல?

இதே தெருவுல பைப்புக்குக் குறுக்கால தோண்டின பள்ளத்தை வெறும் மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிருக்காங்க. ஒரு மழைக்கு அரை அடி உள்ள போயிடுச்சு. அதை யாரு கேக்குறது?