கோபர்க் நகரச் சின்னத்தில் இருப்பது வெட்டிய அடிமையின் தலையா?

ஜெர்மனியின் கோபர்க் நகரச் சின்னத்தைக் காட்டி, “வெட்டிய ஆப்பிரிக்க அடிமையின் தலையை நாஜிகள் சின்னமாக வைத்தார்கள்” என்றொரு தகவல் சுற்றுகிறது. படம் உண்மைதான்: பொன்னிறக் கேடயம், பக்கவாட்டில் திரும்பிய கறுப்புத் தலை, காதில் வளையம். ஊரின் சாக்கடை மூடிகளில்கூட இதே முகம்தான். ஆனால் கதை தவறு.

அந்தத் தலை புனித மௌரீசியஸுடையது. எகிப்தின் தேபேஸ் படையணிக்குத் தலைவராக இருந்து, கிறிஸ்தவராக இருந்ததால் ரோமப் பேரரசர் ஆணைப்படி 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொல்லப்பட்டவர் என்பது மரபுக்கதை. கோபர்க்கின் காவல் புனிதர் இவரே; ஊரின் பழைய தேவாலயமும் இவர் பெயரில்தான். இவரைக் கறுப்பராகக் காட்டுவது ஜெர்மனியில் புதிதல்ல. மக்டபர்க் பேராலயத்தில் சுமார் 1240-இல் செதுக்கிய சிலையே சாட்சி: வளையக் கவசம் அணிந்த ஆப்பிரிக்க வீரர். அடிமையின் சாயல் துளியும் இல்லை.

நாஜி விஷயம் அப்படியே தலைகீழ். 1934-இல் அவர்கள் இந்தத் தலையை நீக்கிவிட்டு, கைப்பிடியில் ஸ்வஸ்திகா கொண்ட வாளை வைத்தார்கள். 1945-இல் போர் முடிந்ததும் மௌரீசியஸ் திரும்பி வந்தார்.

இப்போதைய ஓவியத்தின் தடித்த உதடும் காதணியும் இனவாதச் சித்திரிப்பு என்று 2020-இல் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த விமர்சனத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனால் அது வரைந்த விதத்தைப் பற்றிய கேள்வி. அங்கே இருப்பவர் யார் என்பது வேறு.