சைக்கிள் நிக்குது, எடுக்கத்தான் முடியல

நாகர்கோவிலுக்கும் பொது வாடகை சைக்கிள் வேணும்னு கேட்கிறோம். கேட்கலாம். ஆனா பெரிய நகரங்கள்ல அதை எடுக்கப் படுற பாட்டை முதல்ல பாருங்க. ஆப் இறக்கணும், ஓடிபி போடணும், முன்பணம் கட்டணும். பட்டன் போன் வச்சிருக்கிற மீன்கார அக்காவுக்கு அங்கேயே வாசல் அடைச்சாச்சு.

சைக்கிள்ல ஒட்டியிருக்கிற கியூஆர் கோடை போன் கேமராவுல காட்டினாத்தான் பூட்டு திறக்கும். அது வெயில்ல வெளிறிட்டா கேமரா படிக்காது. படிச்சாலும், பூட்டுக்குள்ள பேட்டரி இறங்கியிருந்தா திறக்காது. அதைவிடக் கொடுமை திருப்பி விடுறது. பூட்டைக் கையால அழுத்தி மூடினா போதாது, பயணம் முடிஞ்சதுன்னு ஆப்ல வரணும். சிக்னல் இல்லாம அது வரலைன்னா வாடகை ஏறிக்கிட்டே இருக்கும்.

நம்ம மாவட்டத்துல கூடுதலா உப்புக்காத்து. கன்னியாகுமரி, குளச்சல் பக்கம் செயினும், சீட்டை ஏத்தி இறக்கிப் பிடிச்சு வைக்கிற கிளாம்பும் துருப்பிடிச்சு இறுகிடும். சீட்டு இறங்காட்டி உயரம் குறைஞ்சவங்களுக்குக் கால் தரையில எட்டாது, அவ்வளவுதான். ரெண்டு பருவமழையும் பெய்ற ஊர் வேற. செயினுக்கு எண்ணெய் விட ஆள் போடாம, வடசேரி பஸ் ஸ்டாண்டுலயும் கோட்டாறு ரயில் நிலையத்துலயும் வரிசையா நிறுத்தி என்ன பிரயோசனம்? வடசேரியில ரொக்கம் வாங்கிச் சாவி தர ஒரு ஆளை உட்கார வையுங்க.