இன்ஷியலுக்கு மட்டும் திரும்பி வரும் அப்பாக்கள்

கட்டிய மனைவியைத் தக்க காரணமின்றிக் கைவிட்டு இரண்டு ஆண்டுகள் விலகியிருந்தால், அதை வைத்தே அவள் விவாகரத்துக் கேட்கலாம் என்கிறது இந்து திருமணச் சட்டம். அதே மனிதர் பெற்ற பிள்ளையைப் பன்னிரண்டு ஆண்டுகள் எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தாலும், அந்தப் பிள்ளையைத் தாய் தத்துக் கொடுக்க வேண்டுமானால் அவருடைய சம்மதம் தேவை என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். கணவன் என்ற தகுதியை இழக்க இரண்டு ஆண்டுகள் போதும். தகப்பன் என்ற தகுதியை இழக்க எத்தனை ஆண்டுகளும் போதாது. சென்னையில் குடும்ப வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞன் என்ற முறையில், இந்த முரண்பாட்டின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

அந்தத் தத்தெடுப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு 2010-இல் திருத்தப்பட்டு, அதுவரை தந்தையிடமே இருந்த தத்துக் கொடுக்கும் உரிமை தாய்க்கும் சமமாக்கப்பட்டது. நல்ல திருத்தம்தான். ஆனால் ஒருவர் தத்துக் கொடுக்க மற்றவர் சம்மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. அதற்கு மூன்றே விலக்குகள்: மற்றவர் முற்றிலும் துறவு பூண்டிருக்க வேண்டும், அல்லது இந்து மதத்தை விட்டுச் சென்றிருக்க வேண்டும், அல்லது சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். காவி கட்டிக்கொண்டு போனவரின் சம்மதம் வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் போய் அடுத்த தெருவில் இன்னொரு குடும்பம் நடத்துகிறவரின் சம்மதம் வேண்டும். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தாயும் தந்தையும் இருவருமே பிள்ளையைக் கைவிட்டிருந்தால், நீதிமன்ற அனுமதியுடன் காப்பாளரே தத்துக் கொடுக்கலாம். ஒருவர் கைவிட, மற்றவர் ஒற்றை ஆளாக நின்று வளர்த்திருந்தால், அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வடசென்னையைச் சேர்ந்த அந்தப் பெண் ஒரு மருத்துவமனையில் செவிலியர். குழந்தை தவழும் பருவத்தில் கணவர் வீட்டை விட்டுப் போனார். ஜீவனாம்ச உத்தரவு பெற்றும் பணம் வரவில்லை. விவாகரத்துக்குப் பின் அந்தப் பெண் மறுமணம் செய்துகொண்டார். மூன்று வயதிலிருந்து அந்தக் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போனவரும், காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியவரும் இரண்டாவது கணவர்தான். ஆறாம் வகுப்பில் சேரும்போது அந்தச் சிறுமியே தன் பெயருக்கு முன்னால் இவருடைய எழுத்து வர வேண்டும் என்று கேட்டாள். முறைப்படி தத்தெடுப்போம் என்று பேச்சு தொடங்கியதும், எங்கிருந்தோ வக்கீல் நோட்டீஸ் வந்தது.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த பிறகு அந்தத் தந்தை தாக்கல் செய்த எதிர்மனுவை இன்னும் மறக்க முடியவில்லை. தன் மகளைப் பற்றி அதில் ‘சுமார் பத்து வயது’ என்று எழுதியிருந்தார். பிறந்த தேதி இல்லை, படிக்கும் பள்ளியின் பெயர் இல்லை. இரத்த பந்தம், குல வழக்கம், தந்தையின் புனித உரிமை ஆகியவை மட்டும் மூன்று பக்கங்களுக்கு விரிவாக இருந்தன. தாழ்வாரத்தில் அவர் சத்தம் போட்டுக் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: “என் இன்ஷியலை மாத்த அவன் யாரு?” பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டு நான் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் பெரியப்பாவே என்னிடம் வந்து, “என்ன இருந்தாலும் பெத்தவன் சார், நாளைக்கு அவ கல்யாணத்துல யாரு நிக்கிறது?” என்றார். நம் சமூகத்தில் இந்தக் குரல் எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்பது தெரியும் என்பதால், அவரிடம் நான் வாதாடவில்லை.

இரண்டு வாய்தாக்களுக்குப் பின் எதிர்த்தரப்பிலிருந்து சமரசத் தூது வந்தது: ஜீவனாம்ச நிலுவை முழுவதையும் விட்டுக்கொடுத்தால் கையெழுத்துப் போடுவார். விட்டுக்கொடுத்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவானது. புனித உரிமை அத்தோடு முடிந்தது. சட்டம் எல்லையில்லாத தடுப்புரிமை ஒன்றை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், அது விற்பனைப் பொருளாகிவிடுவதில் வியப்பில்லை. தத்து செல்லுபடியானால் பெற்ற தந்தையின் பராமரிப்புக் கடமையும் முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவருக்கு அது இரட்டை லாபம்.

பேரத்துக்கு உடன்படாதவர்கள் குறுக்கு வழி தேடுகிறார்கள். ‘எதுக்கும்மா வம்பு, இருக்கிற இடம் தெரியலைன்னு எழுதிடலாம்’ என்று யோசனை சொல்ல ஆள் இருக்கிறது. ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லாதவர் இறந்துவிட்டதாகச் சாட்சியச் சட்டம் அனுமானிக்கும் என்பதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, அவருடைய அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் போன மாதம் பந்தி பரிமாறியவரைப் பத்திரத்தில் காணாமல் போனவராக்குகிறார்கள். பதிவு செய்யப்பட்ட தத்துப் பத்திரத்தை நீதிமன்றம் முதலில் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும் என்றாலும், அதைப் பொய் என்று நிரூபிக்க எதிர்த்தரப்புக்கு வாய்ப்பு உண்டு. தத்து செல்லாது என்று அறிவிக்கக் கோரும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டுகள் தருகிறது. அந்த மூன்று ஆண்டுகள் தத்து நடந்த நாளிலிருந்து தொடங்காமல், வழக்குத் தொடுப்பவருக்கு அது தெரியவந்த நாளிலிருந்து தொடங்குகின்றன. பிள்ளையைத் திரும்பியே பார்க்காத ஒருவருக்கு அது எப்போது தெரியவரும்? எவ்வளவு நீண்ட காலம் அவர் ஒதுங்கியிருக்கிறாரோ அவ்வளவு நீண்ட காலம் அவருடைய வழக்குரிமை உயிரோடு இருக்கிறது. வறுமையாலோ ஊர்ப் பேச்சுக்கு அஞ்சியோ குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கும் ஒரு தாய் மனம் மாற, இளைஞர் நீதிச் சட்டம் தருவது இரண்டு மாதங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிற நாடுகள் இதற்கு விடை கண்டிருக்கின்றன. நியூயார்க் மாநிலச் சட்டத்தில், முடிந்தும் ஆறு மாதங்கள் குழந்தையைப் பார்க்காமலும் தொடர்பு கொள்ளாமலும் இருந்த பெற்றோரின் சம்மதம் தேவையில்லை. கலிஃபோர்னியாவில், பிள்ளை ஒருவரின் பொறுப்பில் இருக்கும்போது மற்றவர் வேண்டுமென்றே ஓராண்டு தொடர்பும் கொள்ளாமல் பராமரிப்புக்கும் கொடுக்காமல் இருந்தால் அதே நிலை. இங்கிலாந்தின் 2002-ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தையின் நலன் கோரினால் பெற்றோரின் சம்மதத்தை விலக்கிவைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983-இல் ஒரு வழக்கில் சொன்னதன் சாரம் எனக்கு மிகவும் உடன்பாடானது: பெற்றதால் ஒருவருக்குக் கிடைப்பது பிள்ளையோடு உறவை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பு, அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாதவருக்காக அரசியல் சாசனம் வரிந்துகட்டிக்கொண்டு வராது.

மறுபக்கத்தை மறைத்துவிட்டு வாதாட எனக்கு விருப்பமில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு தந்தையிடம் குழந்தை இறந்துவிட்டது என்று பொய் சொல்லப்பட்டது. பிறந்து இரண்டு மாதங்கள் ஆவதற்குள் உண்மை தெரிந்து அவர் உரிமை கோரியும், வழக்கு 1994 வரை இழுத்து, மறு ஆண்டு நான்கு வயதுக் குழந்தை வளர்த்தவர்களிடமிருந்து அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் தந்தையைத் திட்டினார்கள். அவர் செய்த குற்றம் என்ன என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. இங்கே சென்னையிலேயே, ஏழைக் குடும்பங்களிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் தத்து என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டது 2005-இல் அம்பலமானது. 2021-இல் திருவனந்தபுரத்தில், தனக்குத் தெரியாமல் தன் குழந்தை தத்துக் கொடுக்கப்பட்டதாக ஒரு தாய் போராடி, மரபணுப் பரிசோதனைக்குப் பின் மீட்டார். பெற்றவர்களின் சம்மதம் வெற்றுச் சடங்கு என்று சொல்கிறவர்கள் இவற்றை மறந்துவிடக் கூடாது.

ஆகவே, எத்தனை ஆண்டுகள் இல்லை என்பதோடு ஏன் இல்லை என்பதையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். துபாயில் தொழிலாளர் முகாமில் கிடந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறவர் கைவிட்டவர் ஆக மாட்டார். சிறையில் இருப்பவரும், நோயில் விழுந்தவரும், பிள்ளையைப் பார்க்க வந்து வாசலிலேயே விரட்டப்பட்டவரும் அப்படியே. பிள்ளை இருப்பது தெரிந்தும், வசதி இருந்தும், ஒரு போனும் ஒரு ரூபாயும் இல்லாமல் இருந்தவரை இவர்களோடு ஒரே தட்டில் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

காப்பாளர் விஷயத்தில் நம் உச்ச நீதிமன்றம் இந்தத் திசையில் எப்போதோ நடக்கத் தொடங்கிவிட்டது. தந்தை உயிரோடு இருந்தாலும் அக்கறையற்றவராக இருந்தால் தாயே இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999-இல் சொன்னது. திருமணமாகாத தாய் காப்பாளராக நியமனம் கோரும்போது, பொறுப்பேற்காத தந்தைக்கு அறிவிப்பு அனுப்பத் தேவையில்லை என்று 2015-இல் தீர்ப்பளித்தது. 2022-இல், கணவரை இழந்து மறுமணம் செய்துகொண்ட ஒரு தாயின் வழக்கில், பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கவும், இரண்டாவது கணவருக்குத் தத்துக் கொடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்றது. ஆவணங்களில் அந்த இரண்டாவது கணவரை ‘மாற்றாந்தந்தை’ என்று குறிப்பிடச் சொன்ன உத்தரவு குழந்தையின் மனநலத்தை எண்ணிப் பாராத கொடுமை என்றும் கண்டித்தது. நம் ஊர் இன்ஷியல் பிரச்சினைக்கு இதைவிட நெருக்கமான தீர்ப்பு எனக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கே தந்தை இறந்திருந்தார். உயிரோடு இருந்துகொண்டு இல்லாமல் போனவரின் கணக்கை 9-ஆவது பிரிவில்தான் தீர்க்க வேண்டும்.

அந்தப் பிரிவில் நான்காவது விலக்காகக் கைவிடுதலைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. தாய் தானாகவே முடிவு செய்யாமல், தந்தைக்கு அறிவிப்பு அனுப்பி, அவரை விசாரித்து, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டு நீதிமன்றம் முடிவு செய்யட்டும். அவருக்குத் தன் தரப்பைச் சொல்லும் உரிமை இருக்கட்டும். தடுக்கும் உரிமை வேண்டாம். பிறப்பையே மறைத்த மோசடி தவிர்த்த மற்ற வழக்குகளில், மூன்று ஆண்டுக் கணக்கு பத்திரம் பதிவான நாளிலிருந்தே ஓடட்டும்.

அதுவரை இந்த நிலையில் இருக்கும் தாய்மார்கள் பத்திரத்தில் பொய் மட்டும் எழுத வேண்டாம். அந்த ஒரு வரியால் நாளை சொத்துப் பிரச்சினை வரும்போது பிள்ளையின் வாரிசுரிமையே ஆட்டம் காணும். பிள்ளை உங்கள் பொறுப்பில் இருப்பதற்கு நீதிமன்ற உத்தரவு வாங்குங்கள். வரவே வராது என்று தெரிந்தாலும் ஜீவனாம்சத்துக்கு மனு போட்டு, வராததைப் பதிவில் ஏற்றுங்கள். கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பி, திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் பத்திரப்படுத்துங்கள்.