"குளிசையை ஏன் விட்டனீங்கள்?"

மனநலக் கிளினிக்கில ஓயாமல் கேக்கிற கேள்வி இது. கேள்வி சரி, கேக்கிற தொனிதான் விசரைக் கிளப்புது. நோயாளி ஏதோ கொழுப்பெடுத்து விட்ட மாதிரி!

எப்பிடி விடுபடுது எண்டு பாருங்கோ. முல்லைத்தீவில துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்து உள்ளூர்களில இருந்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வாறதெண்டால் விடிய வெள்ளன முதல் பஸ். வந்து சேரேக்க நம்பர் துண்டு பாதி முடிஞ்சிருக்கும். டொக்டரைக் காண மத்தியானமாகும். உள்ளுக்குப் போனால் ஐஞ்சு நிமிசம்: நித்திரை வருதோ, சாப்பிடுறியளோ, அதே மருந்து, அடுத்த மாசம் வாங்கோ. 2009 மேயில சண்டை முடியும் வரைக்கும் இந்தச் சனம் கண்டதைக் கதைக்க ஐஞ்சு நிமிசம் காணுமோ? பிறகு மருந்து வரிசை. அங்க, "இது முடிஞ்சுது, வெளியில வாங்குங்கோ." கூலிக்குப் போற மனுசிக்கு அண்டைய சம்பளமும் இல்லை, பஸ் காசும் போச்சு. இதில மருந்தையும் காசுக்கு வாங்கோணும். இப்ப சொல்லுங்கோ, ஆர் விட்டது?

மன அழுத்தத்துக்குக் குடுக்கிற ஃப்ளுவொக்செற்றீன் வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 கிழமை செல்லும். முதல் கிழமையில வயித்துப் பிரட்டலும் பதகளிப்பும்தான் தெரியும். இதை ஒருத்தரும் சொல்லி விடாட்டி ஆள் பத்தாம் நாள் நிப்பாட்டும். அடுத்த கிளினிக் வரேக்க பேச்சு வாங்கும்.

வேற மருந்துக்கு அடங்காத மனச்சிதைவு நோய்க்குக் குடுக்கிற க்ளோசபீன் இன்னும் மோசம். தொடங்கி முதல் 18 கிழமைக்குக் கிழமைக்கொருக்கா இரத்தத்தில வெள்ளணு குறையுதோ எண்டு பாக்கோணும். 48 மணித்தியாலத்துக்கு மேல விடுபட்டால் பழைய அளவைத் திரும்பப் போடக்கூடாது, 12.5 மில்லிகிராமில இருந்துதான் ஏறோணும். பஸ் ஓடாத ரெண்டு மூண்டு நாள், மாசக்கணக்கான பாட்டைக் கெடுக்கும். வீட்டில மிச்சம் கிடந்ததெண்டு முழு அளவையும் ஒரேயடியாப் போட்டிடாதேங்கோ, பிறசர் இறங்கி ஆள் விழும்.

மனநிலை கடுமையா ஏறி இறங்கிற நோய்க்குக் குடுக்கிற லித்தியம் இரத்தத்தில எவ்வளவு இருக்கெண்டு பாக்க இரத்தம் எடுக்கிறது கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலத்தால. இரவு 8 மணிக்குப் போட்டவருக்குக் காலமை 8 மணி. காலமைக் குளிசை இருந்தால் இரத்தம் குடுத்த பிறகுதான். வரிசையில காய விட்டுப் பின்னேரம் 2 மணிக்கு எடுத்தால் அளவு குறைச்சுக் காட்டும். அதை நம்பி டோஸைக் கூட்டினால் என்ன நடக்கும்? துண்டில கடைசிக் குளிசை போட்ட நேரத்தை எழுதச் சொல்லுங்கோ. அருவி வெட்டு வெய்யிலுக்க தண்ணி குடிக்காமல் நிண்டு, நாரி நோவுக்கு டைக்ளோபெனாக்கும் போட்டாலும் லித்தியம் இரத்தத்தில ஏறும். கை கடுமையா நடுங்கி, சத்தி, வயித்தாலடி, தள்ளாட்டம் வந்தால் அடுத்த குளிசையைப் போடாமல் உடன ஆஸ்பத்திரி.

கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. நிலை சீரான ஆக்களுக்கு ரெண்டு மாச மருந்தைத் தாங்கோ. கிட்ட இருக்கிற பிரதேச ஆஸ்பத்திரியில எடுக்க விடுங்கோ. திகதிக்கு வராத ஆளுக்கு ஒரு கோல் எடுங்கோ. "விசர்க் கிளினிக்" எண்டு வாசலில நிண்டு கத்துற ஆக்களை வேற வேலைக்கு மாத்துங்கோ.

ஆராவது சாகப் போறன் எண்டு கதைச்சால் கிளினிக் நாள் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு இரவு பகல் எப்பவும் அடிக்கலாம். மருந்து, கயிறு, பூச்சிநாசினி எல்லாத்தையும் கண்ணில படாமல் எடுத்துப் போட்டு, ஆளைத் தனிய விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கோ. அங்க நம்பர் துண்டு தேவையில்லை.